காவலா, பூட்டா?

கடைசி மாதவிலக்கு எந்த நாள்? இன்று சிறுநீர்ச் சோதனைக்கு ஒப்புகிறாயா? ஊசி போட்டுக்கொண்ட பின் இத்தனை திங்கள் கருவுறமாட்டேன் என்று உறுதி தருவாயா?

மருமகளின் வயிற்றையே நாள்தோறும் நோட்டமிடும் மாமியார் கேட்கும் கேள்விகள் அல்ல இவை, தோழர்களே! புதிய தடுப்பூசி ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு நிலையத்தின் வாயிலிலே, தானே விரும்பி முன்வரும் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்விகள். மூன்றுக்கும் ஏற்ற விடை கிடைத்தால் கதவு திறக்கும். ஒன்று தவறினாலும், 'போய் வா அம்மா' என்று மூடிக்கொள்ளும். ஆணிடம் கேள்வியே இல்லையா என்றால், சில ஆய்வுகளில் உண்டு. 2020-இல் நடந்த ஃபைசர் கொரோனா தடுப்பூசி ஆய்வில், கடைசி ஊசிக்குப் பின் 28 நாள் வரையில் ஆண்களும் கருத்தடை முறைகளைக் கையாள வேண்டும் என்ற விதி இருந்தது. ஆனால், சோதனைக் குழாயில் சிறுநீர் தந்து, 'தகுதி உண்டு' என்று சான்று பெற்ற பிறகே உள்ளே நுழையும் நிலை பெண்ணுக்கு மட்டுந்தான்.

நாம் கலைப் பட்டம் பெற்றுப் பள்ளியிலே பாடம் நடத்துபவர்கள், மருத்துவர் அல்லர். என்றாலும், 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று கேட்கப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தின் துணைகொண்டு இந்தக் கதவைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். இது பெண்ணுக்குக் காவலா? அல்லது பெண்ணின்மீது போட்ட பூட்டா?

கேட்பவர்களின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுவோம். எதிர்த்தரப்பின் வாதத்தை மறைத்து வழக்காடுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. கரு உருவாகி மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரையிலான காலத்திலேதான் குழந்தையின் இதயம், மூளை, கை, கால் எல்லாம் உருப்பெறுகின்றன. அந்த வாரங்களில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. தடுப்பூசிகளிலும் வகை உண்டு. நலிவாக்கப்பட்ட உயிருள்ள கிருமியைக் கொண்டவை சில. அவை உடலுக்குள் பெருகும். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவைத் தொடுமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. இரணசன்னி ஊசி போன்றவற்றில் உயிருள்ள கிருமியே கிடையாது, அவை பெருகா. முதல் வகைக்கு, அதுவும் புத்தம் புதிய ஊசிக்கு, 'சில காலம் கருவுறாதிருத்தல் நன்று' என்பது அறிவுடைய எச்சரிக்கையே. அதை நாம் மறுக்கவில்லை.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு பெருந்துயரமும் இருக்கிறது. 1957-இல் மேற்கு செருமனியில் தாலிடோமைடு என்ற உறக்க மருந்து விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கும் நல்லது என்றார்கள். 1961-இன் இறுதியில் அது திரும்பப் பெறப்படுவதற்குள், பல நாடுகளிலுமாக 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்தன. உலகமே பதறிற்று. பதறியது சரி. ஆனால், பதறியவர்கள் கற்றுக்கொண்ட பாடம் எது?

தாலிடோமைடு, கருவுற்ற பெண்களை வைத்து முறையாக நடத்திய ஆய்விலே கேடு செய்த மருந்தல்ல. அத்தகைய ஆய்வு எதுவுமே இல்லாமல், கடைத்தெருவில் வைத்து விற்கப்பட்ட மருந்து! சோதித்ததால் வந்த கேடன்று அது. சோதிக்காததால் வந்த கேடு. ஆகவே கற்றிருக்க வேண்டிய பாடம், 'இன்னும் கவனமாக, இன்னும் முறையாகச் சோதிப்போம்' என்பது. கற்றுக்கொண்ட பாடமோ, 'பெண்ணே, நீ வெளியே நில்' என்பது. 1977-இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் ஒரு நெறிமுறை வகுத்தது. கருவுறும் திறன் உள்ள பெண்களை மருந்து ஆய்வுகளின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கிவிடுங்கள் என்றது. கருத்தடை முறைகளைக் கையாள்பவளா? விலக்கு! மணமாகாதவளா? விலக்கு! கணவன் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவனா? அப்போதும் விலக்கு!

அவள் சொல்லுக்கு மதிப்பில்லை. அவள் அறிவுக்கு மதிப்பில்லை. அவளிடம் கருப்பை இருக்கிறது. அது ஒன்றே போதும், அவளைத் தள்ளிவைக்க. கோயிலிலே தீட்டு என்று சொல்லித் தள்ளினார்கள். ஆய்வு நிலையத்திலே பாதுகாப்பு என்று சொல்லித் தள்ளினார்கள். சொல் வேறு, தள்ளப்பட்டவள் ஒருத்தியே. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1993-இல்தான் அந்த நெறிமுறை கைவிடப்பட்டது. ஏட்டிலிருந்து போயிற்று, எண்ணத்திலிருந்து போயிற்றா? ஆப்பிரிக்காவிலே நடந்ததைப் பாருங்கள்.

எபோலா என்னும் கொடுநோய் முதன்முதலாக இனங்காணப்பட்டது 1976-இல். காங்கோ நாட்டின் யம்புக்கு என்னும் சிற்றூர்ப் பக்கத்தில் அது பரவியது. அங்கிருந்த மருத்துவமனையில் கருவுற்ற பெண்களுக்கு ஊசி போடுவார்கள். ஒரே ஊசியைக் காய்ச்சாமலே அடுத்தவருக்கும் போட்டார்கள். நோய் அந்த ஊசி முனையிலே ஏறி ஊரைச் சுற்றியது. நோயுற்றவர்களில் 82 பேர் கருவுற்ற பெண்கள். அவர்களில் 73 பேர் மாண்டனர். எபோலா கண்ட தாயின் வயிற்றுக் குழந்தை பிழைப்பதோ அரிதினும் அரிது. இந்த நோயிடமிருந்து காப்பாற்றப்பட வேண்டியவர் யார் என்று வரிசை போட்டால், முதல் வரிசையிலே நிற்க வேண்டியவள் கருவுற்ற பெண் அன்றோ?

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பெருகியது. தடுப்பூசி ஒன்று உருவாயிற்று. 2015-இல் கினி நாட்டிலும் சியரா லியோனிலும் ஆய்வுகள் நடந்தன. கினியில் கிடைத்த முடிவு உலகுக்கே நம்பிக்கை தந்தது. ஊசி நன்றாகவே காத்தது. ஆனால், கருவுற்ற பெண்களுக்கு இடமில்லை. அந்த ஊசி, உயிருள்ள கிருமியைக் கொண்டது, ஆகவே அச்சம்.

சியரா லியோனில் நோயாளிகளைத் தொட்டுப் பணியாற்றிய மருத்துவ ஊழியர்களும் களப்பணியாளர்களுமே ஆய்வில் சேர்க்கப்பட்டனர். பெண்களுக்குச் சோதனை நடந்தது, கருவுற்றவர்கள் விலக்கப்பட்டனர், மற்றவர்களுக்கு, 'இரண்டு திங்கள் கருவுறாதிருங்கள்' என்று அறிவுரை கூறப்பட்டது. நடந்தது என்ன? வாழ்க்கை, விதித்தாளைப் படித்துவிட்டு நடப்பதில்லை. சோதனையில் தெரியாத தொடக்கக் கருவும் இருந்தது. ஊசிக்குப் பின் உண்டான கருவும் இருந்தது. பின்னர் வெளியான கணக்கைப் பாருங்கள். ஊசி போட்ட காலத்தை ஒட்டிக் கருவுற்றிருந்த 31 பெண்களில் 14 பேருக்குக் கரு நிலைக்கவில்லை. ஊசி போட்டுக்கொள்ளாத பிரிவில் 33 பேரில் 11 பேருக்கு நிலைக்கவில்லை.

14-க்கும் 11-க்கும் உள்ள வேறுபாடு ஊசியால் வந்ததா, தற்செயலா? இவ்வளவு சிறிய எண்ணிக்கையைக் கொண்டு அதைத் தீர்த்துச் சொல்ல முடியாது. ஊசியே இல்லாவிட்டாலும் கருக்கள் கலைவதுண்டு; அதனால்தான் பலரைச் சேர்த்து, பக்கத்திலே ஒப்பிட ஒரு பிரிவையும் வைத்து, பொறுமையாக எண்ண வேண்டும். விலக்கிவைத்ததால் கருவுறுதல் நிற்கவில்லை, அறிவுதான் நின்றது! ஆய்வின் நோக்கமே அறிவது. அறியவேண்டியவளையே வெளியே நிறுத்திவிட்டு, 'அவளைப் பற்றி எங்களிடம் விவரம் இல்லை' என்று கை விரிப்பது எந்த வகை அறிவியல்?

கை விரித்ததன் விலை சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. 2018 ஆகத்து மாதம் காங்கோவின் கிழக்கே எபோலா மீண்டும் வெடித்தது. இப்போது கையிலே ஊசி இருந்தது. நோயாளியின் வீட்டார், அண்டை அயலார், பார்த்த மருத்துவர் என்று வட்டம் வட்டமாகப் போட்டார்கள். அண்ணனுக்கு ஊசி, தம்பிக்கு ஊசி, அதே கூரையின் கீழே, நோயாளிக்குக் கஞ்சி ஊட்டி, வாந்தியைத் துடைத்த கருவுற்ற மருமகளுக்கு மட்டும் இல்லை! காரணம்? அவளைப் பற்றிய விவரம் இல்லை. ஏன் இல்லை? முன்னமே அவளைச் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை? விவரம் இல்லை! செக்கு மாடு சுற்றுவது போன்ற வாதம். நாட்டின் அறநெறிக் குழு 2019 பிப்ரவரியில் ஒப்புதல் தந்து, 2019 சூன் மாதத்தில்தான் கருவுற்ற பெண்களுக்கும் ஊசி கிடைக்கத் தொடங்கியது. நோய் முற்றும் அடங்கிய 2020 சூனுக்குள் 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர்.

அது எங்கோ இருக்கும் ஆப்பிரிக்கா என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதே பூட்டு நம் வீட்டு வாயிலிலும் தொங்கியது.

2020-இல் கொரோனா தடுப்பூசி ஆய்வுகள் பல்லாயிரம் பேரை வைத்து நடந்தன. அவற்றிலும் கருவுற்றவர்களுக்கு இடமில்லை. சேர்ந்த பெண்கள் கருத்தடை முறைகளைக் கையாள வேண்டும். அப்படியும், ஃபைசர் ஆய்வில் 2020 நவம்பர் நடுவரைக்கும் 23 பேர் கருவுற்றனர். ஊசி பெற்றவர்களில் 12, வெற்று மருந்து பெற்றவர்களில் 11. மாடர்னா ஆய்வில் 13 பேர். ஊசிப் பிரிவில் 6, வெற்று மருந்துப் பிரிவில் 7. 'இந்த ஊசி போட்டால் பிள்ளைப்பேறே இல்லாமற் போகும்' என்று ஊரெங்கும் வதந்தி கிளப்பினார்களே, அந்த வதந்திக்கு அப்போதே இந்த எண்கள் விடை சொல்லிக்கொண்டிருந்தன. இரு பிரிவிலும் பெண்கள் ஏறத்தாழ ஒரே அளவில் கருவுற்றார்கள்! ஆனால், கருவுற்றவளுக்கு ஊசி பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு விடை சொல்ல அந்தச் சிறு எண்ணிக்கை போதவில்லை.

இந்தியாவில் 2021 சனவரி 16 அன்று ஊசித் திட்டம் தொடங்கியது. கருவுற்ற பெண்களுக்கு அது திறந்தது சூலை 2 அன்று. இடைப்பட்ட காலத்திலேதான் இரண்டாம் அலை வீசியது. அந்த மே மாதத்தில் நம் தமக்கைக்கு ஐந்து திங்கள். நாம் அப்போது கல்லூரி மாணவர். ஊரிலே நடந்த ஊசி முகாமுக்கு அவரோடு நாமும் போனோம். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றார். மேசைக்கு வந்ததும் செவிலியர் அவர் வயிற்றைப் பார்த்தார். "உங்களுக்குப் போட உத்தரவு இல்லீங்கம்மா. குழந்தை பிறந்தப்புறம் வாங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். "குழந்தை பிறக்கிற வரைக்கும் நோய் காத்திருக்குமா?" என்று தமக்கை கேட்டார். செவிலியரிடம் விடையில்லை, அவர்மீது குற்றமும் இல்லை. பின்னாலிருந்த நாற்பது வயதுக்காரர் முன்னே வந்து சட்டைக் கையை மடித்தார். கொரோனா கண்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிடக் கருவுற்றவளுக்கே மிகுதி என்பது அதற்கு முன்பே அறியப்பட்டிருந்த உண்மை. வரிசையிலே யாருக்கு முதலிடமோ, அவர்தான் வீட்டுக்குத் திரும்பினார். வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. முகத்துணியை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் நிலை வேறு. 'விவரம் குறைவு, முடிவு உங்களுடையது' என்று பெண்களிடமே விட்டார்கள். கருவுற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் தாமே முடிவெடுத்து ஊசி போட்டுக்கொண்டார்கள். 2021 ஏப்ரலில் 35,000-க்கும் மேற்பட்ட கருவுற்ற பெண்களின் விவரம் வெளியாயிற்று. அச்சப்படும்படியான அடையாளம் எதுவும் தென்படவில்லை. ஆய்வு நிலையம் சேர்க்க மறுத்த பெண்கள், தம் துணிவாலேயே உலகுக்கு அறிவைத் தந்தார்கள். அந்தச் சுமையை அவர்கள் தோளில் ஏற்றியிருக்க வேண்டுமா? மருத்துவர் கண்காணிப்போடு, ஒப்பிடும் பிரிவோடு, ஆய்வுக்குள்ளேயே கிடைத்திருக்க வேண்டிய விடையன்றோ அது?

இனி, கருத்தடை என்ற நிபந்தனைக்கு வருவோம். கருத்தடை என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்ட நாட்டிலே, அதைத் துணிந்து மேடையில் பேசியது நம் இயக்கம். மற்றவர்கள் பெண்ணின் உடல் நலம், குடும்பத்தின் செலவு என்று காரணம் காட்டியபோது, பெரியார் காட்டிய காரணம் வேறு: பெண்ணின் விடுதலை. பிள்ளை பெறுவதா, வேண்டாமா, எப்போது என்பது அவள் உரிமை. அந்த உரிமையைத் தருவதால் கருத்தடை உயர்ந்தது. அதே கருத்தடை, 'நீ இதைச் செய்தால்தான் உள்ளே விடுவேன்' என்ற கட்டளையாக மாறும்போது என்ன ஆகிறது? சாவி விலங்காகிறது. பொருள் ஒன்றே, அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

எண்ணிப் பாருங்கள். கணவனோடு வாழாதவள், கருவுறும் வாய்ப்பே இல்லாதவள், அவளும் மாத்திரை விழுங்க வேண்டுமா? உறை அணிய மறுக்கும் கணவனை உடையவள், அவன் செய்யும் முடிவுக்கு எப்படி உறுதிமொழி தருவாள்? மணமாகாத பெண்ணின் சோதனை முடிவு, கூடத்திலே நான்கு பேர் காதில் விழுந்தால், அவள் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? உறுதிமொழியைக் கேட்பது எளிது. அதைக் காக்கும் வழியை இலவசமாகவும் மறைவாகவும் தருவதும், வழி தவறிக் கரு உண்டானால் அவளைக் குற்றவாளியாக்காமல் மருத்துவம் பார்ப்பதுமே கடமை. உலக மருத்துவ அறிவியல் அமைப்புகளின் மன்றம் 2016-இல் வகுத்த நெறிமுறையும், பெண்ணின் ஒப்புதலுக்குப் பதிலாக வேறொருவரின் இசைவு எந்த நிலையிலும் செல்லாது என்றே கூறுகிறது. கணவன் கையொப்பம் வேண்டாம். மாமனார் தலையசைப்பும் வேண்டாம்.

'அப்படியானால், எல்லாரையும் பிடித்துவந்து ஆய்வில் அடைத்துவிடலாமா?' என்று கேட்பார் உண்டு. கூடாது! அதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியைப் பழங்குடிச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். பெற்றோர் கையொப்பமிட வேண்டிய தாளில், பல இடங்களில் விடுதிக் காப்பாளரே கையொப்பமிட்டார். 2010-இல் அது நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றக் குழு பின்னர் வன்மையாகக் கண்டித்தது. ஊசி நல்ல ஊசிதான். செய்த முறைதான் தீது. பள்ளியிலே பணியாற்றும் நமக்கு இது நெஞ்சிலே தைக்கும் செய்தி. பிறர் பிள்ளைக்காகப் பேனாவை எடுக்கும் கை எவருடையதாயினும், அது அதிகாரத்தின் கைதான். கேட்காமலே விலக்குவது ஓர் ஆதிக்கம் என்றால், கேட்காமலே சேர்ப்பது மற்றோர் ஆதிக்கம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அவளிடம் கேள்!

கேட்டுச் செய்த இடங்களிலே கிடைத்த பயனைப் பாருங்கள். 1960-களில் கொலம்பியாவின் சிற்றூர்களில் பெண்களுக்கு இரணசன்னி ஊசியைச் சோதித்தார்கள். ஊசி பெறாத பிரிவில், பிறந்த 100 குழந்தைகளில் ஏறத்தாழ 8, தொப்புள் வழியே வந்த இரணசன்னியால் இறந்தன. இரண்டு ஊசியாவது பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் அந்த நோயால் இறந்தது ஒன்றுகூட இல்லை! நம் சிற்றூரிலே, மாதமானவள் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கையில் போட்டுக்கொண்டு வருகிறாளே 'டி.டி. ஊசி', அதன் பின்னே இத்தகைய ஆய்வுகள் இருக்கின்றன. பிறந்த குழந்தையின் இரணசன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை 2015-இல் எட்டியது.

அண்மையிலும் சான்று உண்டு. பச்சிளங் குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. கிருமிக்கு எதிராக, 7,000-க்கும் மேற்பட்ட கருவுற்ற பெண்கள் 18 நாடுகளில் ஆய்வில் பங்குகொண்டார்கள்; 2023-இல் அந்த ஊசிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. வேறொரு நிறுவனத்தின் அதே வகை ஊசி ஆய்வு, குறைமாதப் பேறு மிகுந்ததைக் கண்டதும் 2022-இல் நிறுத்தப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நல்லது நல்லது என்று தெரிந்தது. ஐயத்துக்குரியது கடைக்கு வருமுன்பே தடுக்கப்பட்டது. தாலிடோமைடு கற்பித்திருக்க வேண்டிய பாடம் இதுதான்.

நாம் கேட்பது பெரிதன்று. விலங்குகளைக் கொண்டு கருவின் நலம் பார்க்கும் ஆய்வுகளை முன்கூட்டியே முடியுங்கள். உயிருள்ள கிருமி ஊசிக்கும் மற்ற ஊசிக்கும் ஒரே விதியைப் பூட்டாதீர்கள். கருத்தடையைக் கட்டளையாக அல்ல, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பாக வையுங்கள். ஆய்வின் நடுவே கருவுற்றவளைத் துரத்தாமல், பிள்ளை பிறந்து வளரும் வரை பின்தொடர்ந்து எண்ணுங்கள். நோயின் வாயிலே நிற்பவளுக்கு விவரங்களை அவள் மொழியிலே சொல்லி, முடிவை அவளிடம் விடுங்கள்.

இளந்தோழர்களே! உங்கள் ஊரில் ஒரு பெண்ணை, 'உன் நன்மைக்காகத்தான்' என்று சொல்லி எந்த வாயிலிலிருந்தாவது திருப்பி அனுப்பினால், கோபப்படுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அவளைக் கேட்டீர்களா?" கோயில் வாயிலில் கேட்டோம், பள்ளி வாயிலில் கேட்டோம், சொத்துரிமைக்காகக் கேட்டோம். ஆய்வு நிலையத்தின் வாயிலிலும் கேட்போம். அறிவியல் நம் பகையன்று, நம் படைக்கலம். படைக்கலத்தில் துரு ஏறினால் தூக்கி எறிவதில்லை, தீட்டிக் கூராக்குவோம்!